ஆபிரிக்கக் குடிபெயர்வும் ஆய்வாளர் சார்பும்

குடிபெயர்வு பற்றி நமது மாணவர் எழுதும் விடைகள் பெரும்பாலும் ஒரே வகையிலேயே தொடங்குகின்றன. கிராமத்திலிருந்து மக்களைத் தள்ளும் காரணிகள் சில. நகரத்துக்கு அவர்களை இழுக்கும் காரணிகள் சில. அதன்பின் ஹரிஸ்–ரொடாரோ மாதிரி. புவியியல் மாணவராயினும் பொருளியல் மாணவராயினும் இவ்வொழுங்கு மாறுவதில்லை. விரிவுரைக் குறிப்புகளில் உள்ளதையே மாணவர் எழுதுகின்றனராதலின் குற்றம் முழுவதையும் அவர்கள் தலையிற் சுமத்துதல் நியாயமன்று. குறிப்புகளைத் தயாரித்தோரும், அக்குறிப்புகளுக்கு மூலமான நூல்களை எழுதியோரும் இதற்குப் பதில் கூறவேண்டியவர்கள். ஆபிரிக்காவின் குடிபெயர்வையும் அபிவிருத்தியையும் ஆராய்ந்தோர் எத்தகைய வினாக்களை எழுப்பினர், யாருடைய வினாக்களைத் தம்முடையனவாக ஏற்றுக்கொண்டனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் நாம் நன்கறிந்த மாதிரியையே எடுத்துக்கொள்வோம். 1969இல் மைக்கல் ரொடாரோ தனித்தும், 1970இல் ஜோன் ஹரிசுடன் சேர்ந்தும் வெளியிட்ட கட்டுரைகள் ஆபிரிக்க நகரங்களின், சிறப்பாகக் கென்யாவின், நிலைமையை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. நகரில் வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியிருந்தும் கிராமத்தவர் ஏன் தொடர்ந்து வருகின்றனர்? வேலை கிடைப்பதற்கான நிகழ்தகவினாற் பெருக்கப்பட்ட எதிர்பார்ப்புக் கூலியையே அவர்கள் கிராமத்து வருமானத்தோடு ஒப்பிடுகின்றனர் என்பது விடை. இவ்விடையில் அறிவுக்கூர்மை உண்டு. ஆபிரிக்கக் கிராமத்தவனை வழக்கத்தின் அடிமையாகவும் நகர விளக்குகளைக் கண்டு மயங்குபவனாகவும் சித்திரித்த பழைய எழுத்துக்களோடு ஒப்பிடுமிடத்து, அவனைக் கணக்கறிந்த மனிதனாக ஏற்றுக்கொண்டமை ஒரு முன்னேற்றமே.

ஆயினும், கூலிக்கும் கிராம வருமானத்துக்கும் இடையிலான அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? மாதிரிக்குள் அது கொடுக்கப்பட்ட ஒன்று. கென்யாவின் வரலாற்றில் அது செய்யப்பட்ட ஒன்று. நாட்டின் மிகச் சிறந்த உயர்நிலங்கள் ஐரோப்பியக் குடியேறிகளுக்கென ஒதுக்கப்பட்டன. ஆபிரிக்கர் கோப்பி பயிரிடுவது 1950கள் வரை பெரும்பாலும் தடுக்கப்பட்டிருந்தது. குடிசைக்கு வரி, தலைக்கு வரி. வரியைக் காசாகவே கட்டவேண்டும். காசு தோட்டத்திலன்றி வேறெங்கும் கிடையாது. முதலாம் உலகப் போரை அடுத்து, கைவிரல் அடையாளமும் வேலைப் பதிவும் கொண்ட பத்திரமொன்றை உலோகக் கூட்டினுள் இட்டு வயதுவந்த ஆபிரிக்க ஆண் ஒவ்வொருவனும் கழுத்திற் தொங்கவிடவேண்டும் என்று சட்டம் வந்தது. 'கிப்பாண்டே' எனப்பட்ட இதனை 1947 வரை அவன் சுமந்தான். இத்தனையும் நிகழ்ந்து முடிந்த பின்னர் வந்து, கிராம வருமானம் குறைவு என்பதை ஆரம்பத் தரவாக எழுதிக்கொண்டு கணக்கைத் தொடங்குவது எவ்வகை விஞ்ஞானம்? 1970ஆம் ஆண்டுக் கட்டுரை தீர்வுகளை ஆராயுமிடத்து, கூலி மானியத்தோடு குடிபெயர்வைக் கட்டுப்படுத்துவதையும் ஒரு வழியாக எடுத்துநோக்கிற்று. அத்தகைய கட்டுப்பாட்டின் அறநெறி பற்றித் தமக்குள்ள ஐயத்தை ஆசிரியர்களே அங்குப் பதிவுசெய்தனர் என்பதையும் கூறிவிடவேண்டும். நமது குறிப்புகளிற் சமன்பாடு மட்டுமே எஞ்சியுள்ளது. ஐயம் வழியிலே தொலைந்துபோயிற்று.

வரியால் உழைப்பை வரவழைக்கும் இம்முறை கென்யாவுக்கு மட்டும் உரியதன்று. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து நேற்றாலை அடைந்த 'துரூரோ' என்னும் கப்பலில் தொடங்கிய ஒப்பந்தக் கூலி முறையில் தமிழர் பெருந்தொகையினராய்ச் சென்றனர். ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே சுதந்திரமாக வாழ விரும்பியோர்மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு மூன்று பவுண் வரி விதித்தது. மீண்டும் ஒப்பந்தத்திற் கையொப்பமிடு, அன்றேல் ஊருக்குத் திரும்பு என்பதே அதன் பொருள். 1913ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்தை அடுத்து 1914இலேயே அது நீக்கப்பட்டது. தள்ளும் காரணி, இழுக்கும் காரணி என்ற பட்டியலில் மூன்று பவுண் வரியை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

மேற்காபிரிக்காவில் இதைவிடத் தெளிவான சான்று உண்டு. இன்று பேர்க்கினா பாசோ என வழங்கும் அன்றைய மேல் வோல்ற்றாவை 1932இற் பிரெஞ்சு ஆட்சியாளர் ஒரு கட்டளையினால் இல்லாதொழித்து, அதன் பெரும்பகுதியை ஐவரி கோஸ்ற்றுடன் இணைத்தனர். கரையோரத்துக் கொக்கோ, கோப்பித் தோட்டங்களுக்கும் பொது வேலைகளுக்கும் மொசி மக்களின் உழைப்பு வேண்டியிருந்தது. 1947இலேயே அந்நாடு மீண்டும் வரைபடத்தில் இடம்பெற்றது. கட்டாய உழைப்பு சட்டத்தால் ஒழிக்கப்பட்டதும் 1946இலேதான். ஒரு நாட்டையே உழைப்புக் களஞ்சியமாக மாற்றுவதற்கு அதன் எல்லைகளை அழித்த இவ்வரலாற்றுக்குப் பின், 1965இல் எலியட் பேர்க் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் மேற்காபிரிக்காவின் குடிபெயர் உழைப்பு முறை, அனுப்பும் பகுதி பெறும் பகுதி ஆகிய இரண்டுக்கும் நன்மை பயப்பது என வாதிட்டார். வேளாண்மை ஓய்ந்த வறட்சிக் காலத்தில் வடக்கிலுள்ளவன் தெற்கே சென்று உழைக்கிறான், மழையோடு திரும்புகிறான், யாருக்கும் நட்டமில்லை. வாதம் அழகானது. இதே பேர்க்கின் தலைமையிலேயே 1981இல் உலக வங்கி, சகாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளின் நெருக்கடிக்கு அந்நாட்டு அரசுகளின் கொள்கைகளே பிரதான காரணமெனக் கூறிய அறிக்கையைத் தயாரித்தது. இருபதாண்டுக் கட்டமைப்புச் சீராக்கத்தின் தொடக்கம் அங்கேதான் உள்ளது.

பேர்க்கிற்கு எதிர்நின்றவர்களுட் சமீர் அமீன் முதன்மையானவர். 1972இல் டாக்காரில் நடைபெற்ற கருத்தரங்கின் கட்டுரைகளைத் தொகுத்து 1974இல் அவர் வெளியிட்ட நூலின் நீண்ட முன்னுரை, வினாவையே மாற்றிக் கேட்டது. தனிமனிதன் ஏன் புறப்பட்டான் என்று அவனிடம் வினாக்கொத்தை நீட்டுவதாற் பயனில்லை. தன் சூழலுக்கு ஏற்ற நியாயமான விடையை அவன் தருவான். அச்சூழலை ஆக்கியது எது என்பதை அவன் விடையிலிருந்து பெறமுடியாது. ஓர் இளைஞனைப் பெற்று, வளர்த்து, உழைக்கும் வயதுக்குக் கொண்டுவருவதற்கான செலவை உள்நாட்டுக் கிராமம் ஏற்கிறது. அவனது உழைப்பின் பயனைக் கரையோரம் பெறுகிறது. எனவே அனுப்பும் பகுதி பெறும் பகுதிக்கு மானியம் வழங்குகிறது. 1973இல் டாக்காரில் உருவாகி, கொடெஸ்ரியா என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் ஆபிரிக்கச் சமூக விஞ்ஞான ஆய்வு மன்றத்தின் முதல் நிறைவேற்றுச் செயலாளரும் அமீனே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஆபிரிக்கர் தம் வினாவைத் தாமே வகுக்க ஒரு மேடை வேண்டுமென்பது அவருடைய வாதத்தின் மறுபாதி.

அதே 1972இல் தென்னாபிரிக்காவைப் பற்றி இரு முக்கிய எழுத்துக்கள் வந்தன. தங்கச் சுரங்கங்களிற் கறுப்பினத் தொழிலாளியின் மெய்க்கூலி 1969இல் 1911இல் இருந்ததைவிட உயர்ந்திருக்கவில்லை என்பதைப் பிரான்சிஸ் வில்சன் கணக்கிட்டுக் காட்டினார். அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகின் தங்கத்தை அகழ்ந்தவனின் கூலி அசையவில்லை! இது எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதற்கு ஹரல்ட் வொல்ப் விடை கூறினார். தொழிலாளியின் மனைவியும் குழந்தையும் முதியோரும் ஒதுக்குப் பிரதேசத்தின் வேளாண்மையில் உயிர் வாழ்வர் எனக் கொண்டு, தனியொருவனின் உயிரைத் தாங்கும் கூலியை மட்டும் சுரங்கம் வழங்கிற்று. நோயுற்றவனும் முதுமையடைந்தவனும் சுரங்கத்தின் கணக்கிலிருந்து நீங்கி ஊரின் கணக்கிற் சேர்ந்தனர். இது வெறும் கோட்பாடன்று. 1965 முதல் சுரங்கங்களில் உழைத்துச் சிலிக்கா தூசியால் நுரையீரல் அரிக்கப்பட்டவர்களுக்கு 500 கோடி ராண்ட் அளவிலான இழப்பீட்டு உடன்பாட்டை ஜொகன்னஸ்பேர்க் உயர்நீதிமன்றம் 2019இல் அங்கீகரித்தது. லெசோத்தோவிலும் மொசாம்பிக்கிலும் கிராமங்களிலே இருமிக்கொண்டிருந்தோரிற் பலர் அதற்கு முன்னரே இறந்துபோயினர்.

இவ்விடத்தில், ஆய்வாளர் எல்லோரும் ஏகாதிபத்தியத்தின் கைக்கூலிகள் என்று கூறிவிட்டு அமைதிகொள்வது எளிது. நமது சஞ்சிகைகளில் அத்தகைய எழுத்துக்கு ஒருகாலும் பஞ்சமிருந்ததில்லை. உண்மை அதைவிடச் சிக்கலானது. 1937இல் வட ரொடேசியாவில் நிறுவப்பட்ட றோட்ஸ்–லிவிங்ஸ்ரன் நிறுவகத்தைப் பார்ப்போம். பெயரே அதன் பிறப்பைச் சொல்லும். செப்புச் சுரங்கங்களும் குடியேற்ற அரசும் நிதி வழங்கின. ஆயினும் அதன் முதல் பணிப்பாளரான கொட்பிறி வில்சன், புரோக்கன் ஹில் சுரங்க நகரை ஆராய்ந்து, ஆபிரிக்கத் தொழிலாளர் நிலையான நகரவாசிகளாக மாறிவருகின்றனர், அவர்களுக்குக் குடும்பக் கூலியும் வீடும் மறுக்கப்படுவதே சமநிலைக் குலைவுக்குக் காரணம் என எழுதினார். ஆபிரிக்கரோடு அவர் நெருங்கிப் பழகியதும் போரெதிர்ப்புக் கொள்கையும் அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளின் கதவுகள் அவருக்கு மூடப்பட்டன. 1941இற் பதவி துறந்தார். அவருக்குப் பின் வந்த மக்ஸ் குளக்மனும் அவர் வழிவந்தோரும் சுரங்க நகரத்து ஆபிரிக்கனை முதலிற் சுரங்கத் தொழிலாளியாகவே நோக்கவேண்டும் என வற்புறுத்தினர். 1950களில் ஏ. எல். எப்ஸ்ரைன் தொழிற்சங்கத்தை ஆராய்ந்தபோது அவருக்கும் சுரங்கக் குடியிருப்பில் நுழைவு மறுக்கப்பட்டது. செப்பு வலயத்தில் 1935ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் 6 பேரும் 1940ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் 17 பேரும் சுட்டுக்கொல்லப்பட்டதை நினைவிற்கொண்டால், கம்பனிகளின் அச்சத்துக்குக் காரணம் விளங்கும்.

எனினும் 1971இற் பேர்னாட் மகுபானே இம்மரபின்மீது தொடுத்த தாக்குதலை நான் நியாயமானதென்றே கருதுகிறேன். நகர ஆபிரிக்கரின் உடை, நடனம், தொழில் மதிப்பு ஆகியவற்றை அளந்து, ஐரோப்பிய வாழ்வை அவர்கள் எவ்வளவு பின்பற்றுகின்றனர் எனக் கணித்தவர்கள், அவ்வளவையும் சூழ்ந்திருந்த குடியேற்ற ஆட்சியைப் பின்னணித் திரையாக்கிவிட்டனர் என்றார் அவர். தென்னாபிரிக்காவில் தொழிலாளர் குடும்பமொன்றிற் பிறந்து, நாட்டைவிட்டு வெளியேறி, சாம்பியப் பல்கலைக்கழகத்திற் கற்பித்தவர் மகுபானே. அவருடைய விமரிசனத்துக்கு வந்த மறுப்புகளிற் சில, அவர் உணர்ச்சிவசப்படுகிறார் என்ற தோரணையில் அமைந்தன. உணர்ச்சியின்மை எப்பொழுதும் ஒரு தரப்பாருக்கே வாய்க்கும் சொத்தாக இருப்பது வியப்புக்குரியது. அதே ஆண்டில் ஆர்ச்சி மபேஜே, இனக்குழு வாதம் என்பது ஆபிரிக்கரின் இயல்பன்று, அவர்களைப் பார்ப்போரின் கருத்தியல் என வாதிட்டார். அவரை 1968இற் கேப் ரவுண் பல்கலைக்கழகம் விரிவுரையாளராகத் தெரிவுசெய்து, பின் அரசின் நெருக்குதலுக்குப் பணிந்து நியமனத்தை நீக்கியதும், மாணவர் நூற்றுக்கணக்கில் நிருவாகக் கட்டடத்தில் அமர்ந்து எதிர்த்ததும் அறியப்பட்டவை.

ஆபிரிக்க ஆய்வாளர் என்பதனாலேயே ஒருவர் சரியான வினாவைக் கேட்பார் என்பதுமில்லை. கோஃபி புசியா பயிற்சி பெற்ற சமூகவியலாளர். செக்கொண்டி–தக்கொறாடி என்ற துறைமுக நகரைப் பற்றி 1950இல் அவர் வெளியிட்ட சமூக அளவீடு ஆபிரிக்க நகர ஆய்வின் முன்னோடிகளுள் ஒன்று. வந்தேறிகளால் ஆன நகரொன்றின் குடியிருப்பையும் வறுமையையும் அவரைவிட நன்கறிந்தோர் அந்நாட்டில் இருந்திருக்கமுடியாது. அவர் கானாவின் பிரதமரான சில வாரங்களில், 1969 நவம்பரில், வதிவிட அனுமதியற்ற அந்நியர் இரு வாரங்களுக்குள் அனுமதி பெறவேண்டும், அன்றேல் வெளியேறவேண்டும் எனக் கட்டளை பிறந்தது. கொக்கோத் தோட்டங்களிலும் சந்தைகளிலும் பல்லாண்டு உழைத்த நைஜீரியரும் தோகோலியரும் மேல் வோல்ற்றாவினரும் பெருந்தொகையாய்ப் பெயர்க்கப்பட்டனர். 1983இல் நைஜீரியா பத்து இலட்சத்துக்கும் அதிகமான அந்நியரை வெளியேற்றியபோது அவர்களுட் பெரும்பாலோர் கானா நாட்டவர். சமூகவியற் பட்டம் கட்டளைப் பத்திரத்திற் கையெழுத்தைத் தடுக்கவில்லை.

ஆய்வாளன் நடுநிலை வகிக்கவேண்டும், அவன் கட்சி சேர்ந்தால் ஆய்வு பிரசாரமாகிவிடும் என்பது இவ்விடத்தில் எழும் ஆட்சேபம். என் ஆசிரியர் சிலரே இதைக் கூறக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு மபூற்றோவின் எடுவார்டோ மொண்ட்லானே பல்கலைக்கழகத்து ஆபிரிக்க ஆய்வு மையத்தைக் காட்டுவேன். மொசாம்பிக் 1975இற் சுதந்திரம் அடைந்தபோது, ஆண்டுதோறும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட அந்நாட்டவர் தென்னாபிரிக்கச் சுரங்கங்களுக்குச் சென்றனர். 1928ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அவர்களது கூலியின் ஒரு பகுதி பிற்போடப்பட்டு, ஊர் திரும்பியபின் வழங்கப்பட்டது. அதற்கீடாகப் போர்த்துக்கேய அரசு உத்தியோகபூர்வ விலையிற் தங்கம் பெற்றது. சந்தை விலை அதைவிட ஏறியபோது எஞ்சிய இலாபமெல்லாம் அரசினுடையது. தொழிலாளிக்குக் கிடைத்தது எஸ்கூடோ நாணயம். சுதந்திரத்தை அடுத்துச் சுரங்கங்கள் மொசாம்பிக்கரைச் சேர்ப்பதைப் பாதிக்கு மேலாகக் குறைத்தன. புதிய அரசு என் செய்வது? குடிபெயர்வை உடனே தடைசெய்தால் தென் மாகாணங்களிற் பட்டினி. தொடரவிட்டால் நிறவெறி அரசின்மீதான சார்பு.

இவ்வினாவோடு 1977இல் மையத்தின் ஆய்வாளரும் மாணவரும் குழுக்களாக இன்யம்பானே மாகாணக் கிராமங்களுக்குச் சென்றனர். நெறிப்படுத்தியவர் றூத் பேர்ஸ்ற் என்ற தென்னாபிரிக்கப் பெண். சுரங்கத்திலிருந்து திரும்பியவர்களின் வேலை வரலாறுகளை அவர்கள் திரட்டினர். கொண்டுவந்த ஏரும் எருதும் யார் வீட்டில் உள்ளன, யார் வீட்டில் இல்லை என்று பார்த்தனர். பார்த்ததில் தமது இயக்கத்துக்கு உவப்பில்லாத முடிவும் இருந்தது: கிராமத்தவர் அனைவரும் ஒரே வகையான ஏழைகள் அல்லர், சுரங்கக் கூலியைக் கொண்டே சிலர் நடுத்தர விவசாயிகளாகியிருந்தனர், கூட்டுப் பண்ணைக்கு வருமாறு இவர்களைக் கட்டளையிட்டு அழைக்கமுடியாது. கட்சி சார்ந்த ஆய்வு கட்சிக்குக் கசப்பான தரவைத் தந்தது. 1982 ஓகஸ்ட் 17ஆந் திகதி, தன் பல்கலைக்கழக அறையில் தபாற்பொதி ஒன்றைத் திறந்தபோது றூத் பேர்ஸ்ற் கொல்லப்பட்டார். பொதியை அனுப்பியது தென்னாபிரிக்கப் பாதுகாப்புப் பொலிசார் என்பது பின்னர் அவர்களாலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அவர்களுக்கு மன்னிப்பும் வழங்கப்பட்டது. சுரங்கத் தொழிலாளர் பற்றிய நூல் 1983இல், அவர் மறைவின் பின் வெளிவந்தது.

இம்மரபிலும் குறையுண்டு. உழைப்புக் களஞ்சியக் கோட்பாடு, குடிபெயர்ந்தவனின் சொந்த விருப்பத்துக்கு இடந்தரத் தயங்கிற்று. தென் மொசாம்பிக்கின் இளைஞர் போர்த்துக்கேயர் தம் நாட்டை முழுமையாகக் கைப்பற்றுமுன்னரே நேற்றாலுக்கும் கிம்பர்லிக்கும் நடந்தனர், மணப்பொருள் தேடி மூத்தோரின் பிடியிலிருந்து விடுபட முயன்றனர் என்பதை 1994இற் பற்றிக் ஹரிஸ் விரிவாக எழுதினார். ஊரில் எஞ்சிய பெண்ணின் உழைப்பு ஏன் மலிவாயிற்று, அதை மலிவாக்கியதில் அவள் கணவனுக்கும் மாமனுக்கும் பங்கில்லையா என்ற கேள்வியையும் மூலதனத்தை மட்டும் நோக்கிய கண்கள் தவறவிட்டன. இத்திருத்தங்கள் வினாவை ஆழமாக்குகின்றன. சமன்பாட்டுக்குத் திரும்புவதற்கு அவை அனுமதிச் சீட்டல்ல.

இன்று நிகழ்வது அத்திரும்பலே. 2015 நவம்பரில் மோல்ற்றாவின் வலெற்றாவில் ஐரோப்பிய, ஆபிரிக்கத் தலைவர்கள் கூடியபோது, ஒழுங்கற்ற குடிபெயர்வின் மூல காரணங்களைக் களைவதென்ற பெயரில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நிதியத்தை அமைத்தது. காலப்போக்கில் அது ஏறத்தாழ 500 கோடி யூரோவை எட்டிற்று. அப்பணத்திலிருந்து ஆய்வுகளும் நடந்தன. அவற்றிற் பணியாற்றியோரிற் பலர் நேர்மையானவர்கள். பணம் தந்தோர் விரும்பாததையும் எழுதினர். வறிய நாடு ஓரளவு வளம் பெறும்போது வெளியேறுவோர் தொகை முதலிற் கூடுமேயன்றிக் குறையாது என்பதை ஹைன் டி ஹாஸ் முதலியோர் பல ஆண்டுகளாகக் கூறிவருகின்றனர். ஆனால் விடை எதுவாயினும் வினா ஐரோப்பாவினுடையது: இவர்களை எவ்வாறு நிறுத்துவது? 2020இல் ஐக்கிய நாடுகளின் மதிப்பீட்டின்படி வேறொரு ஆபிரிக்க நாட்டில் வாழ்ந்த ஆபிரிக்கர் ஏறத்தாழ இரண்டு கோடியே பத்து இலட்சம். ஐரோப்பாவில் வாழ்ந்தோர் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம். சிறிய எண்ணைப் பற்றியே பெரிய நூலகம் எழுந்துள்ளது.

நைஜரின் அகாடேஸ் நகரை எடுத்துக்கொள்க. 1979ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி மேற்காபிரிக்கர் தம் பிராந்தியத்தினுள் தடையின்றிச் செல்லும் உரிமை பெற்றிருந்தனர். ஐரோப்பாவின் தூண்டுதலோடு 2015இல் நைஜர் இயற்றிய சட்டம், 2016 முதல் அகாடேசிலிருந்து வடக்கே பயணிகளை ஏற்றிச்சென்ற சாரதிகளைக் குற்றவாளிகளாக்கிற்று. கிணறுகள் உள்ள பழைய வழிகளை விட்டுச் சாரதிகள் ஆழ்பாலைக்குள் சென்றனர். பயணிகள் அங்கே மாண்டனர். நகரத்தின் வாழ்வாதாரம் சரிந்தது. 2023 நவம்பரில், பதவி கவர்ந்த இராணுவ ஆட்சியினர் சட்டத்தை நீக்கியபோது அந்நகரில் மகிழ்ச்சி ஏற்பட்டதில் வியப்பில்லை. வாக்குப் பெறாத ஆட்சி மக்கள் விரும்பியதைச் செய்தது. வாக்குப் பெற்ற ஆட்சி ஐரோப்பா விரும்பியதைச் செய்திருந்தது. மறுபுறத்தில், சகாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளுக்கு 2023இல் ஏறத்தாழ 5400 கோடி டொலர் உழைப்போரால் அனுப்பப்பட்டது. அதனை அனுப்பும் செலவு உலகிலேயே மிகக் கூடியதாக, 7 வீதத்துக்கும் மேலாக இருந்தது. 3 வீதத்துக்குக் குறைப்போம் என்று 2015இல் உலக அரசுகள் கையொப்பமிட்டிருந்தன. பணத்தை அனுப்புவோரைப் பற்றிய ஆய்வுகளோடு ஒப்பிட்டால், கழிக்கப்படும் பங்கைப் பெறுவோரைப் பற்றிய ஆய்வுகள் மிகச் சில.

ஆய்வுத் தொழிலின் உட்கட்டமைப்பும் பழைய சுரங்கத்தை ஒத்திருப்பதைக் கவனித்தல் வேண்டும். தரவு ஆபிரிக்காவிலே திரட்டப்படுகிறது; கோட்பாடு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உருவாகிறது; முடிந்த பண்டம் நூலாகத் திரும்பி விற்பனைக்கு வருகிறது. பெனினின் மெய்யியலாளர் போலின் உன்ரொஞ்சி இதனை விஞ்ஞானச் சார்புநிலை என விளக்கினார். றோட்ஸ்–லிவிங்ஸ்ரன் நிறுவகத்தின் ஆபிரிக்க உதவியாளரே பெரும்பாலான நேர்காணல்களைச் செய்தனர் என்பதையும், அவர்கள் தம் சொந்த நோக்கோடு அவ்வாய்வை வடிவமைத்தனர் என்பதையும் லின் ஷுமேக்கரின் நூல் 2001இலே வெளிப்படுத்திற்று. அதுவரை அவர்கள் முன்னுரையின் நன்றி வரிகளில் வாழ்ந்தனர். இன்றோ, குடிபெயர்வு பற்றிய மாநாட்டுக்குச் செல்ல ஐரோப்பிய விசா மறுக்கப்பட்டு ஊரிலேயே தங்கிவிடும் ஆபிரிக்க ஆய்வாளர் உளர். அவருடைய கட்டுரையை வேறொருவர் வாசிப்பார். தலைப்பு அநேகமாக நடமாட்டம் பற்றியதாயிருக்கும்.

இவற்றையெல்லாம் இங்கு எழுதுவானேன் என ஒருவர் கேட்கலாம். நமது மலையகத்தின் தோற்றத்தைத் தள்ளும் காரணி, இழுக்கும் காரணி என்று விளக்கிப் புள்ளி பெறும் விடைகளையும் நான் கண்டிருக்கிறேன். துண்டு முறையும் கங்காணியின் முற்பணமும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அவ்விடைகளில் இல்லை. ஆபிரிக்கப் பாடம் அப்படியே வந்து இங்கு ஒட்டிக்கொண்டது. நமது துறைகளின் விரிவுரையாளருக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த ஆண்டு வினாத்தாளில் ஹரிஸ்–ரொடாரோ மாதிரியை விளக்குக என்ற வினா இடம்பெறட்டும். அதற்கு அடுத்த வினாவாக, 1928 முதல் மொசாம்பிக் சுரங்கத் தொழிலாளியின் கூலியில் எப்பகுதி யார் கைக்குச் சென்றது என்பதைக் கணக்கிட்டுக் காட்டுக என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே புள்ளி வழங்குங்கள்.